பத்து வருடமும் ஐம்பது நாளும்

மார்ச் 27, திங்கள்
பிரான்ஸுக்குக் கப்பலேறும் எங்கள் டோவர் துறைமுகத்தில் நான்கு மணி நேர வரிசை. "பிரெக்ஸிட்தான் காரணமா, இல்லையா? ஒரே வரியில சொல்லுய்யா" என்றார் பத்திரிகை ஆசிரியர். கடிகாரத்தோடு நின்று எண்ணினேன். பிரெஞ்சு அதிகாரி ஒவ்வொரு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டிலும் காலிப் பக்கம் தேடி முத்திரை குத்துகிறார்; ஆளுக்கு முப்பது விநாடி. முன்பு முகத்தைப் பார்த்துப் போகச் சொல்லிக் கையசைப்பார்கள். ஆனால் புயலும் உண்டு, விடுமுறைக் கூட்டமும் உண்டு. "பல காரணங்களில் ஒன்று" என்று எழுதிக் கொடுத்தேன்.

அதுதானே உண்மை? ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலக வாக்களித்தவன் என்பதால் அப்படி எழுதவில்லையே?

மார்ச் 29
சனிக்கிழமை பிரான்ஸில், லில் நகரில், மகள் டாம்சினுக்குக் கல்யாணம். விலகலுக்குப் பின் அங்கே குடியிருப்பு அட்டைக்காக இரண்டு வருடம் அலைந்தாள். அப்போதுகூட என் வாக்கைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 31
காரில் இரண்டரை மணி நேரம் காத்திருந்து பாஸ்போர்ட் பார்க்கும் கூண்டை அடைந்தோம். மனைவி க்வென்னுக்கு முத்திரை விழுந்தது. என்னுடையதைப் பிரெஞ்சு அதிகாரி திருப்பித் தந்தார்.

"பாஸ்போர்ட் கொடுத்துப் பத்து வருஷம் தாண்டிடுச்சு சார். போக முடியாது."

"அக்டோபர் வரைக்கும் செல்லும்னு போட்டிருக்கே?"

"அது உங்க நாட்டுக் கணக்கு."

பத்து வருடம், ஐம்பது நாள். பழைய பாஸ்போர்ட்டில் மிச்சமிருந்த எட்டு மாதத்தை இதில் சேர்த்துத் தந்திருந்தார்கள். நாம் விலகும்வரை அந்த எட்டு மாதமும் ஐரோப்பாவில் செல்லுபடியானது.

பின்னால் ஹாரன். "பெரியவரே, அங்கேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்று ஒருவன். இன்றைய வரிசையில் நான் சேர்த்தது பதினொரு நிமிடம்.

"இந்த விதியை நீதானே பேப்பர்ல எழுதின?" என்றாள் க்வென்.

ஆமாம். இரண்டு முறை. என் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்க்கவில்லை.

அவள் காரோடு கப்பலேறினாள். கல்யாணக் கோட்டும் பின்சீட்டில் போயிற்று. நான் வீட்டுக்கு நடந்தேன்.

ஏப்ரல் 1
கல்யாணத்தைப் போனில் பார்த்தேன். அப்பா செய்யவேண்டிய முறை; டாம்சினைக் கைபிடித்து அழைத்துப்போனது க்வென்.

ஏப்ரல் 2
டாம்சின் கூப்பிட்டாள். என் வாக்கைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்பா. நீங்க ஓட்டுப் போட்டப்பவே அம்மா சொல்லிட்டாங்க."

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

கிட்டத்தட்ட ஏழு வருடம் — தெரிந்தே என்னோடு பேசியிருக்கிறாள்.

ஏப்ரல் 3
ஆசிரியர் மறுபடி வரிசைக் கட்டுரை கேட்டார். என் வாக்கைச் சொன்னேன். பேனாவை மூடினார்.

"எத்தனை வருஷமாய்யா இதை மறைச்சுப் பிரெக்ஸிட் பத்தி எழுதிக்கிட்டிருக்க?"

நாளையிலிருந்து துறைமுகத்துக்கு வேறு ஆள் போகிறார்.