ஆபர்ன் என்பது என்ன நிறம்?

மார்ச் 3

நூலகர் சாருக்கு,

நலம். மகள் ஊருக்குத் திரும்பும்போது முடிக்குப் பூசும் சாயம் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். மேலே ‘ஆபர்ன்’ என்று போட்டிருக்கிறது. படத்தில் இருக்கும் பெண்ணுக்கு இருபது வயது. அவளை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை. அது என்ன நிறம்? பள்ளிக்கூட நூலகத்தில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்தவரைக் கேட்காமல் யாரைக் கேட்பது?

போன மாதம் கேட்டதற்கும் பதில் வேண்டும். உங்களுக்கும் துணை இல்லை, எனக்கும் இல்லை. இனி இந்த வீட்டில் சேர்ந்து இருக்கலாமே என்றேன். ஊர்ப் பேச்சுக்குப் பயம் என்றால் ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போடவும் தயார். மகனிடம் பேசிவிட்டுச் சொல்வதாக எழுதினீர்கள். பேசினீர்களா?

கணக்கு டீச்சர்

மார்ச் 9

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

தாமதத்திற்கு மன்னிக்கவும். ஒரே அகராதியை நம்பிச் சொல்ல மனம் வரவில்லை.

இன்று ஆபர்ன் என்றால் செம்மை கலந்த பழுப்பு. பெரும்பாலும் தலைமுடிக்கே சொல்வார்கள். ஆனால் பிறந்தபோது அதற்கு அந்த நிறம் இல்லை. லத்தீனில் ‘ஆல்பஸ்’ என்றால் வெள்ளை. அதிலிருந்து ‘ஆல்பர்னஸ்’, வெண்சாயல் உடையது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த புதிதிலும் வெளுத்த முடியைத்தான் குறித்திருக்கிறது. பின்னர் சிலர் அதை ‘அப்ரவுன்’ என்பதுபோல் எழுத, பழுப்பைச் சொல்லும் ‘பிரவுன்’ நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மெல்ல மெல்ல வெள்ளை பழுப்பாகிவிட்டது. யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்ற சந்தேகம் இன்னும் இருக்கிறது.

மகனுக்கு அலுவலகத்தில் நெருக்கடி. சமயம் பார்த்துப் பேச வேண்டும்.

தங்கள்,
நூலகர்

மார்ச் 13

நூலகர் சாருக்கு,

நிறம் கேட்டேன், அதன் பாட்டன் பூட்டன் வரை தோண்டி எடுத்து அனுப்பிவிட்டீர்கள். வெள்ளை முடிக்கும் ஒரு காலத்தில் அதுதான் பெயர் என்றால் எனக்கு வேலை மிச்சம். பெட்டியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். பூசிக்கொண்டு வந்து, “ஏன் டீச்சர், பூனைக்குட்டி மாதிரி இல்லையே?” என்று கேட்டாள். அப்படித்தான் இருந்தது. சொல்லவில்லை.

உங்கள் மகன் ஓய்வு பெறும்வரை சமயம் பார்ப்பதாக உத்தேசமா? என் மகள் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள். ஏப்ரலில் நான் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். அதற்குள் ஒரு வார்த்தை எழுதுங்கள். இல்லை என்றாலும் கோபமில்லை.

கணக்கு டீச்சர்

மார்ச் 20

அன்புள்ள டீச்சருக்கு,

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் மகனிடம் சொன்னேன். வாக்கியங்களை முன்கூட்டியே மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தும் பாதியில் குழறிவிட்டேன். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“யாரு, கணக்கு டீச்சரா? என்னை பெஞ்சு மேல ஏத்தினவங்களா?”

“அவங்கதான்.”

“பாவம்பா அவங்க!”

“நீங்க சும்மா இருங்க” என்று மருமகள் அவனை அதட்டினாள். “மாமா, இதைச் சொல்லத்தான் இத்தனை நாளா உப்பு இருக்கா இல்லையான்னுகூடத் தெரியாம சாப்பிட்டீங்களா?”

இருவருக்கும் சம்மதம். அவ்வளவுதான் நடந்தது.

நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. மகனை இனிக் காரணம் காட்ட முடியாது. பயம் என்னுடையது. மனைவி போன பிறகு ஒரே நாற்காலி, ஒரே ஜன்னல் என்று இருந்துவிட்டேன். என் இருமலையும், சொன்னதையே சொல்லும் பழக்கத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்தால் உங்களுக்குச் சலித்துவிடுமோ?

எனக்கு வர விருப்பம். சனிக்கிழமைக் காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆனாலும் நீங்கள் இன்னொரு முறை யோசித்து எழுதும்வரை புறப்பட மாட்டேன்.

தங்கள்,
நூலகர்

மார்ச் 23

நூலகர் சாருக்கு,

யோசித்தது போன மாதமே முடிந்தது. நான் அங்கே வரவில்லை என்று மகளிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்கு இருமல் என்றால் எனக்குக் குறட்டை. யாருக்கு முதலில் சலிக்கிறது என்று பார்ப்போம்.

ரயில் வரும் நேரத்தில் வெயில் ஏறிவிடும், நான் ஸ்டேஷனுக்கு வரப்போவதில்லை. வண்டி பிடித்து நேராக வாருங்கள். வாசலில் தட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். கதவைத் தள்ளினால் திறக்கும்.

டீச்சர்