திரையில் வைத்த சந்தனம்

விஜயதசமி, இரவு.

உடம்பு அசந்தும் மனசு ஆறவில்லை. நேற்று ஆயுத பூஜைக்கு டிராக்டருக்கு வைத்த கையோடு காருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். ஸ்டியரிங்கில் வைத்தவள் பக்கத்திலிருந்த தொடுதிரைக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் காய்ந்து ஒட்டிக் கிடக்கிறது. வெள்ளி விளக்கைத் துலக்குகிற பழக்கத்தில் விபூதியைத் தொட்டு அழுத்தித் தேய்த்தேன். சந்தனம் போய்விட்டது. திரை முழுக்க மெல்லிய கீறல்.

சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து அவர் வீடியோவில் வந்தார். போன லீவில் அவர் ஆசையாக வாங்கிய கார். திரையில் சந்தனம் பட்டுவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

"தேய்ச்சுடாத. திரையை அணைச்சிட்டு, மெல்லிசு துணிய நனைச்சு நல்லாப் பிழிஞ்சு, ஒத்தி ஒத்தி எடு. எங்க, காட்டு."

காரில் ஏறித் திரையைப் போட்டுக் காட்டினேன். அந்த வெளிச்சத்தில் ஒரு கீறலும் தெரியவில்லை.

"பளிச்சுன்னுதான இருக்கு! நீ ஏன் ஒரு மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்லைங்க. வயல்ல நடவு ஆளுங்களுக்குச் சோறாக்கின அசதி."

"சரி, போய்ப் படு."

போனை வைத்துவிட்டுத் திரையை அணைத்தேன். கீறல் அத்தனையும் அப்படியே இருந்தது.