கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டிய சோதனை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். இங்கே நான் சுகம். நாங்கள் சுகம் என்று எழுதாமல் நான் சுகம் என்று எழுதியிருப்பதை நீ அதற்குள் கவனித்திருப்பாய், உனக்குத்தான் எதிலும் மோப்பம் பிடிக்கும் மூக்காயிற்றே. பதறாதே, அப்பா நடமாட்டமாகத்தான் இருக்கிறார். இந்தக் கடிதத்தை நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்து எலி அறையில், தீனி மூட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். வீட்டில் உட்கார்ந்து எழுதினால் யாருக்கு, எதற்கு, இவ்வளவு நீளமாக என்ன என்று கேட்பார். ஃபோனில் சொல்லலாம் என்றால் அது அவர் நாற்காலிக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்கிறது, நான் மூச்சு விட்டால்கூட அவர் காதில் விழும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே, இங்கே மேஜை கிடையாது, மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நாங்கள் இரண்டு பேரும் படித்தோம். குழந்தை பிறந்ததும் வருகிறேன் என்றார் அப்பா, அப்புறம் குளிர் போகட்டும் என்றார், அப்புறம் முழங்கால் வலி என்றார், இப்போது குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கவே ஆரம்பித்துவிட்டாள், இன்னும் அவர் முழங்கால் சரியாகவில்லையா என்று கேட்டிருந்தாய். அதோடு விட்டிருக்கலாம். நான் என் இஷ்டப்படி கல்யாணம் பண்ணிக்கொண்டது அவருக்கு இன்னும் ஆறவில்லை, போன தடவை நான் வந்தபோது காட்டிய பாசமெல்லாம் நடிப்பு, அவர் வரவே வேண்டாம் என்று எழுதிவிட்டாய். அப்பா அந்த வரியைப் படித்துவிட்டு, அப்படியே நினைச்சுக்கட்டும், அதுவும் நல்லதுக்குத்தான் என்று சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எது நல்லதுக்கு? பெற்ற பெண் தன்னை வெறுப்பதா? உனக்கு ஒன்றும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது என்று.

அப்பாவுக்கு முழங்காலில் ஒன்றுமில்லை. அப்பாவுக்குத் தொழுநோய் வந்திருக்கிறது. இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீயும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

தலை நரைக்கும் வரை அந்த நோயைத் தேடி அலைந்த மனுஷன். நீ சின்னவளாக இருந்தபோது அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், எங்கப்பா ஊர்ல எல்லார் முதுகையும் பார்ப்பாரு என்று சொல்வாய், ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, சந்து சந்தாகச் சைக்கிளில் போய், சட்டையைக் கழற்றச் சொல்லி வெளிச்சத்தில் நிற்க வைத்து, எங்கே தேமல், எங்கே உணர்ச்சி இல்லை என்று பார்ப்பார். மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் அடங்குகிறதா என்று இந்த ஆராய்ச்சி நிலையம் சோதித்துப் பார்த்த காலத்தில், வீடு வீடாகப் போய்த் தன் கண் முன்னாலேயே மாத்திரையை விழுங்க வைத்தவர். விழுங்கிய பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கு என்பார். அதற்காக ஒரு கிழவர் அவர் மேல் செருப்பை வீசியது நம் வீட்டில் எவ்வளவு பெரிய சிரிப்பு.

நீ வயிற்றுப் பிள்ளையோடு வந்து இருந்துவிட்டுப் போனாய் அல்லவா, அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அடுப்பிலிருந்து டீச்சட்டியை இறக்கி வைத்தார். துணி பிடிக்கவில்லை, வெறும் கை. இறக்கியவர் அதைப் பிடித்துக்கொண்டே சாவகாசமாக என்னோடு பேசிக்கொண்டு நிற்கிறார். எனக்குத்தான் தோல் கருகும் வாடை வந்தது. ஏங்க, கையைப் பாருங்க, சுடலையா உங்களுக்கு என்று கத்தினேன். குனிந்து பார்த்தார். சுண்டு விரல் ஓரமெல்லாம் வெந்து கொப்புளித்திருந்தது. அவர் முகத்தில் வலியே இல்லை. சட்டியை நிதானமாகக் கீழே வைத்துவிட்டு, முழங்கைக்குப் பின்னால் மற்ற கையால் தடவிப் பார்த்தார், ஊரில் எல்லாருக்கும் நரம்பு தடித்திருக்கிறதா என்று பார்ப்பாரே, அதே மாதிரி. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் விடவில்லை. இத்தனை வருஷம் அவர் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். பஞ்சை எடுத்து நுனியைத் திரித்துக்கொண்டு வந்தேன், கண்ணை மூடுங்க, தொடற இடத்தை விரலால காட்டுங்க என்றேன். குழந்தை மாதிரி மூடிக்கொண்டார். சுண்டு விரலில் தொட்டேன், உள்ளங்கை ஓரத்தில் தொட்டேன், மணிக்கட்டுக்கு மேலே வெளுத்த மாதிரி இருந்த இடத்தில் வைத்து வைத்து எடுத்தேன். மூடிய கண்ணோடு சும்மா உட்கார்ந்திருந்தவர், ஆரம்பியேன், எவ்வளவு நேரம் என்றார். நான் பஞ்சைக் கீழே போட்டுவிட்டேன். கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

அப்புறம்தான் மெல்லச் சொன்னார். அந்த வெளுப்பை அவர் பல மாசத்துக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறார். தன்னந்தனியாக உட்கார்ந்து பஞ்சால் தொட்டும் பார்த்திருக்கிறார், நன்றாகத் தெரிகிறதே என்று விட்டுவிட்டார். எப்படித் தெரியாமல் போகும்? தொடுகிற பஞ்சைக் கண் பார்க்கிறது, தொடுகிற கை எங்கே தொடுகிறது என்று மனசுக்குத் தெரிகிறது, தெரிகிறது தெரிகிறது என்று மனசே சொல்லிவிடுகிறது. இந்தச் சோதனையைத் தனக்குத் தானே செய்துகொள்ள முடியாது என்று புதிதாக வேலைக்கு வந்த அத்தனை பேருக்கும் தொண்டை வறளப் பாடம் எடுத்தவர் இவர்தான். பயம் வந்தால் படித்ததெல்லாம் எங்கே போகுமோ. அந்த மாசங்களில் நரம்பு போய்விட்டது. இப்போது மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கி நிற்கின்றன, நீட்ட வராது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டு விடுகிறேன். முன்கூட்டியே வந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னாள். இவரிடம் வேலை பழகிய பெண்தான் அவள். தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

மருந்து அன்றைக்கே ஆரம்பித்தாயிற்று. அதில் ஒன்று தோலைக் கறுக்க வைக்கும், முகமெல்லாம் கருகின மாதிரி ஆகிவிட்டது. எதிர் வீட்டுக்காரி, சார் என்ன இப்படி வெயில்ல அலையறார் என்று கேட்கிறாள். அதிலிருந்து வாசலுக்கே வருவதில்லை. தட்டு தனி, டம்ளர் தனி, துணியைத் தானே துவைத்துக்கொள்கிறார், படுக்கை முன்னறையில், பேத்தியைப் பார்க்கவும் வரமாட்டாராம். ஒரு வீட்டில் ஒரு பெண்ணைக் கொல்லைக் கொட்டகையில் தள்ளி வைத்திருந்தார்கள் என்று சண்டை போட்டு, அவள் குடித்த டம்ளரிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்துக் காட்டிவிட்டு வந்தாரே, அதே மனுஷன். மருந்தைத் தொடங்கிட்டா அடுத்தவங்களுக்குப் பரவாதுன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, பொய்யா சொன்னீங்க என்று நான் சண்டைக்குப் போனேன். அது படிச்சது, இது பேத்தி என்றார்.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். காலமெல்லாம் பழைய நோயாளிகளோடு பழகினவர் ஆனதால், மருந்துக்கு அடங்காத கிருமியாக இருக்குமோ என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். அவர் தோலில் துளி வெட்டி எடுத்து இங்கே அனுப்பினாள். இந்தக் கிருமி பாழாய்ப் போனது, கண்ணாடித் தட்டில் என்ன ஊற்றி வைத்தாலும் வளராது. எலியின் பாதத்தில் ஊசியால் ஏற்றினால்தான் வளரும், அதுவும் ஆமை மாதிரி. சில எலிகளுக்கு மருந்து கலந்த தீனி, சிலதுக்கு வெறும் தீனி, மாசக்கணக்கில் காத்திருந்து பாதத்தை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். மருந்து தின்ற எலியிடமும் கிருமி பெருகியிருந்தால் அந்த மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கூண்டில் பெயர் எழுத மாட்டார்கள், எண்தான். ஆனால் அன்றைக்கு வந்தது அவருடையது ஒன்றுதானே, எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் சனியன்களே என்று திட்டிக்கொண்டே தீனி போட்டவள், அந்த வரிசைக் கூண்டுகளுக்கு மட்டும் தினமும் மரத்தூளை மாற்றினேன். அவை பாதியில் செத்துப்போனால் சோதனையும் போச்சு. ஒரு எலி சுருண்டு படுத்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. நீ கைக்குழந்தையாக இருந்தபோதுகூட உன்னை இப்படிப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன், சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

போன வாரம் முடிவு வந்தது. மூன்றில் ஒரு மருந்து, அந்தப் பழைய வெள்ளை மாத்திரை, கேட்கவில்லை. மற்ற இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன, ஒன்று கைவிட்டாலும் மற்றவை பார்த்துக்கொள்ளும் என்றுதானே மூன்றைச் சேர்த்தோம், இவரால் இனி யாருக்கும் ஆபத்து இல்லை என்று டாக்டரம்மா எடுத்துச் சொன்னாள். வெள்ளை மாத்திரைக்குப் பதிலாக வேறு கொடுத்திருக்கிறாள். எனக்கு உயிர் வந்தது. அவர் அதையெல்லாம் காதிலேயே வாங்கவில்லை. இனிமே சரி, அதுக்கு முன்னால என்று கேட்டார். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

நீ வந்திருந்தாயே, அதைத்தான் கேட்கிறார். ஒரு மாத்திரைகூட உள்ளே போகாத காலம் அது. வாந்தி எடுத்து எடுத்து நீ சுருண்டு கிடந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து, வாய்க்கு வாய் ஊட்டிவிட்டு, வீங்கின காலைப் பிடித்துவிட்டாரே. கல்யாணத்தின்போது பேசாமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்து அந்த ஒரு மாசத்தில் செய்துவிட வேண்டும் என்று துடித்தார். கையால் ஒட்டுகிற நோய் இல்லை, மூச்சில்தான், அதுவும் நெருங்கி வெகுநாள் இருந்தால்தான், இருந்தாலும் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் உடம்பே அதை விரட்டிவிடும் என்று அவர் வாயாலேயே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார். இப்போது அதே வாய், உள்ள போய் வருஷக்கணக்கா தூங்கும், அப்புறம்தான் எழுந்திருக்கும் என்று ஓயாமல் முனகுகிறது. நடிப்பு என்று எழுதினாயே, மகளே, அந்தப் பாசத்தை நினைத்துத்தான் அவர் உருகிச் சாகிறார். உன்னிடம் வந்து, உன் முகத்திலோ குழந்தை முதுகிலோ ஒரு வெளுப்பைப் பார்த்துவிட்டால் தாங்க மாட்டார். பார்க்காமலே இருந்துவிடலாம் என்பதுதான் அவருடைய முழங்கால் வலி.

ஆகையால் நான் சொல்வதைக் கேள். மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு, மறைத்து வைத்து இந்த வீடு பட்டது போதும். அங்கே ஒரு நல்ல தோல் டாக்டரிடம் நீயும் போ, குழந்தையையும் காட்டு, இப்போது ஒன்றும் இல்லை என்றாலும் வருஷத்துக்கு ஒரு தடவை காட்டு. பயப்படாதே, சீக்கிரம் தெரிந்தால் விரல் நகம்கூடச் சேதமாகாமல் குணமாகிற நோய் இது, சீக்கிரம் பார்க்காததால்தான் உன் அப்பா கை இப்படி ஆயிற்று. குளிரில் குழந்தையை வெறும் காலோடு விடாதே. நீயும் வேளைக்குச் சாப்பிடு, போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறது.

அதற்கு முன்னால் எனக்காக ஒன்று செய். இது கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஃபோன் பண்ணு. பண்ணும்போது மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரச் சொல், அவர் கையில் பஞ்சு இருக்கட்டும். நீ கண்ணை மூடிக்கொள், ஓரக்கண்ணால்கூடப் பார்க்காதே, உங்கள் அப்பன் புத்தி உனக்கும் இருக்கும். மாப்பிள்ளை உன் கையிலும் காலிலும் முதுகிலும் தொடத் தொட, தொட்ட இடத்தைக் காட்டி இங்கே, இங்கே என்று வாய்விட்டுச் சொல். இங்கே ஃபோனை அப்பாவின் நல்ல கையில் பிடிக்க வைத்துக் காதில் வைப்பது என் பொறுப்பு. முதலில் என்னைத் திட்டுவார், சத்தியத்தை மீறிவிட்டேன் என்று கத்துவார், கத்தட்டும். நீ நிறுத்தாதே.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். சின்னக்குட்டிக்கு என் முத்தம், அப்பாவுடையதையும் சேர்த்து நானே கொடுக்கிறேன்.

உன் அம்மா

மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை. பஞ்சு தொட்டும் உனக்குத் தெரியாத இடம் ஏதாவது இருந்தால், தெரிந்த மாதிரி இங்கே என்று சொல்லிவிடாதே. அப்பாவுக்காகக்கூடச் சொல்லாதே.