சாதிக்காய் மணக்கும் வியாழக்கிழமைகள்

1935 மார்ச் 4, திங்கள்

மாலை முழுக்க மழை. வகுப்பு மாடியில் ஜன்னலோரம்தான் என் இடம். சுருக்கெழுத்து படிக்கத் தொடங்கியதிலிருந்து பார்ப்பதெல்லாம் கோடாகத் தெரிகிறது. மழை மெல்லிய கோடு. ரிக்‌ஷாவின் ஏர்க்கால் அழுத்திப் போட்ட கோடு. எதிர்வீட்டுச் சீன அம்மா மூங்கிலில் காயப்போட்டு மறந்த துணிகள் ஒரு முழு வாக்கியம். என்ன சொல்கிறது என்றுதான் வாசிக்கத் தெரியவில்லை.

மாடிப்படியில் ஒரு அறிவிப்பு. மாலை வகுப்பு மாணவர் வர்த்தக சங்கம் இந்த ஆண்டு முதல் பெண்களையும் சேர்த்துக்கொள்ளுமாம். பெண்கள் என்று பன்மையில் போட்டிருந்தது. வகுப்பில் இருப்பதோ நான் ஒருத்தி.

சங்கத் தலைவர் வேதநாயகம் அண்ணன் பகலில் ஒரு கப்பல் கம்பெனியில் தலைமைக் கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேல். மாலையில் எங்களோடு உட்கார்ந்து கணக்கியல் படிக்கிறார். அவரிடமே போய்க் கேட்டேன்.

“நானும் மெம்பர்தானா?”

“மெம்பர்தான், மிஸ் ஆலிஸ். உட்காரலாம், கேட்கலாம். ஓட்டு மட்டும் கிடையாது.”

அப்படியென்றால் நாற்காலிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? கேட்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் தோன்றியது. எனக்கு எல்லாமே வீட்டுக்கு வந்துதான் தோன்றும்.

மார்ச் 7, வியாழன்

முதல் கூட்டம். முதலில் பாராட்டு. சுருக்கெழுத்துப் பரீட்சையில் கார்த்திகேசு மலாயாவிலேயே முதலாவதாக வந்து, லண்டனிலிருந்து வெள்ளிப் பதக்கம் வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர், ஒடிசலான ஆள். பதக்கத்தை வாங்கி, பார்க்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நானாக இருந்தால் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன், சூடாகும் வரை.

பிறகு வேதநாயகம் அண்ணன் எழுந்தார். “வாரா வாரம் பேசிப் பேசிக் கலைகிறோம். இந்த வருஷம் ஒரு நிஜ வியாபாரம் செய்து பார்ப்போம். வருஷக் கடைசியில் ஊர் வியாபாரிகளை அழைத்து அவர்கள் முன் நிற்போம். என்ன வியாபாரம், சொல்லுங்கள்.”

சோப்பு என்றார்கள். மெழுகுவர்த்தி என்றார்கள். குடை வாடகைக்கு விடலாம் என்றார் ஒருவர். நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

“சாதிக்காய்ச் சாறு.”

சிரிப்பு. பின்வரிசையில் யாரோ, “சமையல் கிளாஸ் கீழ் வீட்டுல, லா!” என்றார். காது சூடாகிவிட்டது. அப்போது கார்த்திகேசு திரும்பாமலே சொன்னார்: “அவ சொல்லி முடிக்கட்டும். பிறகு சிரிக்கலாம்.”

சொன்னேன். தீவின் மறுபக்கம் பாலிக் புலாத் தோட்டங்களில் சாதிக்காயின் கொட்டைக்கும் அதன்மேல் சிவப்பாகப் படர்ந்த பூவுக்கும்தான் விலை. சதையில் பாதி மரத்தடியிலேயே கிடந்து அழுகுகிறது. அதை வேகவைத்துச் சர்க்கரை சேர்த்தால் இந்த வெயிலுக்கு அதைவிட நல்ல பானம் இல்லை. முடித்ததும் யாரும் சிரிக்கவில்லை. சூலியா தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகன் முகம்மது கனி மட்டும், “போத்தல் எங்க கடையில கிடக்கு. எடுத்துக்கலாம்,” என்றார்.

ஓட்டெடுத்தார்கள். எல்லாக் கைகளும் மேலே. என் கை மடியில். ஆனாலும் என் சாறுதான் ஜெயித்தது!

மார்ச் 24, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் கடலோரம் ஜெலுத்தோங்கில் எங்கள் வீடே சங்கமாகிவிட்டது. மெம்பர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சாதிக்காய் சீவினார்கள். அம்மா முதலில் கதவுக்குப் பின்னால் நின்றாள். அரை மணியில், “தம்பி, அப்படிச் சீவினா பாதி போயிரும், இங்க கொடு,” என்று நடு அறையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீடு முழுக்க அந்த வாசனை. காரமும் இனிப்பும் கலந்த, கண்ணை மூட வைக்கிற வாசனை. அடுப்பருகில் நின்று கிண்டிக்கொண்டிருந்தவள் எங்கேயோ போய்விட்டேன். கொழும்பு, ரங்கூன், பெயர் தெரியாத துறைமுகங்கள். எல்லா இடத்திலும் யாரோ எங்கள் போத்தலைத் திறக்கிறார்கள்.

“ஆலிஸ்! பொங்குது பாரு!” அம்மா.

ஏப்ரல் 19

பெரிய வெள்ளி. இன்று எழுதக்கூடாது என்றாள் அம்மா. ஒரு வரிதானே.

மே 9, வியாழன்

கெட்டிப் பாகு நன்றாகப் போகிறது. கனி அண்ணன் கடையிலேயே வைத்து விற்கிறார். வாங்கிப் போய்த் தண்ணீரும் ஐஸும் சேர்த்துக் குடிக்கிறார்கள். லேபிளுக்குக் கலங்கரை விளக்கம் வரைந்தேன். மெழுகுவர்த்தி மாதிரி இருக்கிறது என்றார்கள். இருக்கட்டும்.

கூட்டம் முடிந்து பஸ் வரும் இடம் வரை கார்த்திகேசு கூட வந்தார். மழை நின்று தெரு பளபளவென்று இருந்தது. எங்களோடு இரண்டு நிழல்கள் தலைகீழாக நடந்தன.

“நீங்கள் கூட்டத்தில இருக்கிறதேயில்லை,” என்றார். “உடம்பு மட்டும் கதிரையில இருக்கும்.” அவர் ஊரில் நாற்காலிக்குக் கதிரை என்று பெயர்.

“நீங்கள்?”

“நான் ஆக்கள் பேசுற வேகத்தோடயே ஓடுறன். ஒருநாள் நின்றுபோனால் என்ன செய்யிறது என்று எனக்குத் தெரியாது.”

பஸ் வந்துவிட்டது. அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம்? இப்போது மூன்று பதில் தோன்றுகிறது. மூன்றும் நல்ல பதில்.

ஜூலை 11, வியாழன்

அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோவில் திருவிழாவுக்குக் கடை போடுவதாகத் தீர்மானம். அதுவரை சரி. ஆனால் பாகாக வேண்டாமாம். சர்க்கரையைக் குறைத்து, தண்ணீர் கலந்து, திறந்தவுடன் குடிக்கிற மாதிரி மூடி அடைத்துக் கொண்டுபோக வேண்டுமாம். கூட்டத்தில் வேகமாக விற்கும் என்கிறார் வேதநாயகம் அண்ணன்.

எழுந்து சொன்னேன்: “நீர்க்க இருந்தால் தாங்காது. இந்தச் சூட்டில் இரண்டு நாளில் புளித்துவிடும்.”

“குறித்துக்கொள்கிறோம், மிஸ் ஆலிஸ். நேரமாகிறது. ஓட்டுக்குப் போகலாம்.”

கைகள் தூக்கினார்கள். கனி அண்ணனும் தூக்கினார். கார்த்திகேசு தூக்கவில்லை. நான் தூக்க முடியாது.

ஜூலை 28, ஞாயிறு

என்னத்தச் சொல்ல. வெடிச்சுப் போச்சு. எல்லாம் வெடிச்சுப் போச்சு.

காலையில் எவ்வளவு அழகாக இருந்தது. படகில் அக்கரைக்கு, அங்கிருந்து ரயில். கோவில் குன்றின் அடியில் மக்கள் வெள்ளம், மெழுகுவர்த்தியும் பூவும் பாட்டும். கொடிகளுக்கு நடுவே எங்கள் பந்தல். வெள்ளைத் துணி விரித்து போத்தல்களை வரிசையாக அடுக்கினோம். வெயில் அவற்றுக்குள் போய்ப் பொன் நிறமாக நின்றது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

உச்சி வெயில், அன்னம்மாளின் சுரூபம் பல்லக்கில் வருகிறது. டப். முதலில் பட்டாசு என்று நினைத்தார்கள். டப் டப். மூடி பறக்கிறது, கண்ணாடி சிதறுகிறது, புளித்த நுரை ஒரு அம்மாவின் வெள்ளைச் சேலை முழுக்க. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். வேதநாயகம் அண்ணன் பெட்டிகளை நிழலுக்கு இழுக்க ஓடினார். கையிலேயே ஒன்று வெடித்தது. ஐயோ, எவ்வளவு ரத்தம்! என் முக்காட்டைக் கிழித்துக் கட்டினேன். முகம் வெளுத்துப்போய், “விடுங்க, ஒண்ணுமில்ல, ஜனங்களப் பாருங்க,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நல்லவேளை, வேறு யாருக்கும் அடியில்லை. அன்னம்மாள் தாயே.

திரும்பும் படகில் வேதநாயகம் அண்ணன் என் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

“வேண்டாம்னு சொன்னீங்க இல்ல?”

“சொன்னேன்.”

“காதுல விழுந்துச்சு. கேட்டுக்கிட்டேதான் ஓட்டுக்கு விட்டேன்.”

கடல் மட்டும் எதுவுமே நடக்காதது மாதிரி பச்சையாக இருந்தது.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஊரே சிரிக்கிறது. பட்டாசுச் சங்கம் என்று பெயராம். கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சாற்றை விட்டுவிடலாம் என்றார் ஒருவர். அதற்குப் பிறகு ஒரு குரல்: “பொம்பளைய உள்ள விட்டதே தப்பு. அங்கேதான் ஆரம்பிச்சது.”

எழுந்து போய்விடலாமா? பையை எடுத்தும் விட்டேன்.

வேதநாயகம் அண்ணன் கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்தார். சத்தம் அடங்கியது.

“மிஸ் ஆலிஸ் வேண்டாமென்று சொன்னார். நாம்தான் கை தூக்கினோம். தூக்கவும் தடுக்கவும் அவருக்குக் கையே கொடுக்கவில்லை. இதில் யாருடைய தப்பு என்று நான் சொல்ல வேண்டுமா? பெண் மெம்பருக்கும் ஓட்டு உண்டு என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். பிடிக்காதவர்கள் வேறு தலைவரைப் பார்த்துக்கொள்ளலாம்.”

முதலில் கார்த்திகேசுவின் கை. பிறகு கனி அண்ணன். பிறகு ஒவ்வொன்றாக. பாதியைக் கொஞ்சம் தாண்டியது. அவ்வளவுதான். அது போதும்.

அடுத்த தீர்மானம், சாற்றைத் தொடர்வதா விடுவதா. கெட்டிப் பாகாக மட்டும், அடைப்பது என் பொறுப்பில் என்றால் தொடரலாம் என்றேன். கை தூக்கினேன். காற்றில் அது யாருடைய கையோ மாதிரி இருந்தது.

அக்டோபர் 17, வியாழன்

கார்த்திகேசுவுக்குச் சிங்கப்பூரில் வேலை. பெரிய கம்பெனி, துரைக்கு அந்தரங்கச் செயலாளர். சங்கத்தில் கைதட்டல் ஓயவில்லை. நானும் தட்டினேன். என் கைகளைத் தவிர எல்லாம் நின்றுவிட்ட மாதிரி.

படியிறங்கும்போது சொன்னார்: “அங்கே பெண் தட்டெழுத்தாளரையும் எடுக்கினம். உங்கட பேரைச் சொல்லட்டோ?”

“எதற்கு?”

“நீங்கள் அங்கே இருந்தால்...” நிறுத்தினார். மலாயாவிலேயே வேகமான ஆள், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நின்றார். “நல்லாயிருக்கும்,” என்றார்.

யோசிக்கிறேன் என்றேன்.

அக்டோபர் 23

சிங்கப்பூர். நாள் முழுக்க சிங்கப்பூர். பார்த்ததில்லை, ஆனால் தெருத்தெருவாக நடக்கிறேன். அவர் சாமி வேறு, என் சாமி வேறு. கனவில் அதெல்லாம் யாரும் கேட்பதில்லை.

எனக்கு ஆசை அவர் மேலா, அவர் ஏறிப்போகும் கப்பல் மேலா?

நவம்பர் 3, ஞாயிறு

கப்பல் நாலு மணிக்கு. சங்கத்தார் எல்லோரும் வழியனுப்பப் போனார்கள். நான் போகவில்லை. காலையில் பாலிக் புலாவிலிருந்து காய் வந்து இறங்கிவிட்டது. விட்டால் கெட்டுவிடும். வியாபாரிகள் கூட்டத்துக்கு இதுதான் சரக்கு. அம்மா, “நீ போயிட்டு வா, நான் பாத்துக்குறேன்,” என்றாள். போயிருக்கலாம். கரண்டியைக் கீழே வைக்க மனம் வரவில்லை. அந்த நிமிஷத்தில்தான் எனக்கே தெரிந்தது, என் ஆசை எதன் மேல் என்று.

காரணம் புரியாமலே நேற்று அவரிடம் சொல்லிவிட்டேன், பேரைச் சொல்ல வேண்டாம் என்று. “விளங்குது,” என்றார். அன்று பதக்கத்தைப் போட்டுக்கொண்ட சட்டைப்பையைத் தடவினார்.

தெற்கே போகும் கப்பல்கள் சில எங்கள் கரையை ஒட்டிப் போகும். பின்வாசல் வழியாகப் பார்த்தேன். வெள்ளையாக, மெதுவாக, சத்தமே இல்லாமல் ஒன்று போயிற்று. அதுதானா? அடுப்பின் ஆவியும் கப்பலின் புகையும் ஒரே வானத்தில் கரைந்தன. கொஞ்சம் அழுதேன். பாகு சரியான பதத்தில் இறங்கியது.

டிசம்பர் 12, வியாழன்

ஆண்டுக் கூட்டம். முன்வரிசையில் ஊர் வியாபாரிகள். முதலில் மெம்பர்களின் சாதனைகள் வாசிக்கப்பட்டன. கார்த்திகேசு பதக்கமும் வேலையும். கனி அண்ணன் கணக்கெழுத்துப் பரீட்சையில் சிறப்புத் தேர்ச்சி. வேதநாயகம் அண்ணன் கணக்கியல் முதல் பாகம் தேறிவிட்டார், வலது கை ஆறாமல் இடது கையால் எழுதி! அதற்குத்தான் பெரிய கைதட்டல்.

பிறகு நான். எழுந்ததும் எல்லாம் மறந்து போயிற்று. வாய் திறந்தேன்.

“ஜூலையில் வெடித்தது எங்கள் போத்தல்தான்.”

மண்டபமே சிரித்தது. சிரித்தபடியே கேட்கவும் செய்தது. ஏன் வெடித்தது, இப்போது ஏன் வெடிக்காது, எல்லாம் சொன்னேன். ஒரு பெரியவர் எழுந்தார். “வீட்டுல செய்யறது சரிம்மா. ஊர் ஊரா அனுப்பற அளவுக்கு உன்னால முடியுமா?”

“அடுப்பு இன்னும் இரண்டு வேண்டும். ஆள் மூன்று பேர் வேண்டும். பயம் எனக்கே நிறைய இருக்கு. ஆனா முடியும்.”

கனி அண்ணனின் அத்தா, அந்த மளிகைக்கடைக்காரர், தன் பக்கத்தில் இருந்தவரிடம், “இந்தப் புள்ள பொய் சொல்லலை,” என்றது என் காதிலேயே விழுந்தது. கூட்டம் முடிந்ததும் அவரே வந்து, கடைக்குப் பின்னால் சும்மா கிடக்கும் சரக்குக் கிட்டங்கியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சங்கத்துக்கு அல்ல. “உனக்கும் என் மகனுக்கும் சேத்து, கூட்டு வியாபாரம்,” என்றார்.

தூக்கம் வரவில்லை.

1936 பிப்ரவரி 18, செவ்வாய் — தைப்பிங்

எழுதி வெகு நாளாகிவிட்டது. நேரமில்லை.

கனி அண்ணன் கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ள, நான் மாதிரிப் போத்தல்களோடு அக்கரைக்கு வந்து ரயில் ஏறினேன். தனியாக இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தடவை. இந்த ஊரில் மழை சொல்லாமல் வருகிறது. முதல் கடையில் நனைந்த பெட்டியோடு நுழைந்தேன். கடைக்காரர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

“முதலாளி வரலையாம்மா?”

“வந்தாச்சு,” என்றேன். “நான்தான்.”

இன்னொரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, தம்ளரும் தண்ணீரும் எடுத்துவரச் சொன்னார். குடித்தார். இன்னொரு தம்ளர் ஊற்றிக்கொண்டார். ஒரு பெட்டி எடுத்துக்கொண்டார்.

அவர் கடைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஏரிப் பக்கத்து மரங்களெல்லாம் மழையில் கரைந்து நிற்கின்றன. பார்த்துக்கொண்டே இருந்தால் பொழுது போய்விடும்.

மழை விட்டுவிட்டது. எதிர்ப்பக்கம் இன்னும் இரண்டு கடைகள் திறந்திருக்கின்றன.