அரிசிக்குள் இருந்த கத்தி

அப்பா,

இன்று காலை எங்கள் பள்ளிக்கூடத்து அடிபம்பைப் பிரித்துப் போட்டார்கள். இரண்டு நாளாகவே அதன் சத்தம் எனக்குச் சரியாகப் படவில்லை. கைப்பிடி கனமே இல்லாமல் இறங்கியது. தண்ணீர் பாதிக் குழாய் வரை ஏறிவிட்டுத் திரும்பிப் போவது கேட்டது. வாஷர் போயிருக்கும் என்று டீச்சரிடம் சொன்னேன். வந்த மெக்கானிக் பழைய தோல் வாஷரை உருவி என் காலடியில் போட்டார். ஊறிப்போன தோலும் கிரீஸும் கலந்த அந்த வாசனை வந்ததும் நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"வாஷர்தான்னு எப்படிப் பாப்பா கண்டுபுடிச்சே?" என்று கேட்டார்.

"எங்கப்பா போர்வெல் போடற ரிக் வண்டியில இருந்தாருங்க. ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்காருங்க."

அதோடு நிறுத்திக்கொண்டேன். யார் கேட்டாலும் நானும் அம்மாவும் அங்கேதான் நிறுத்துவோம்.

நூலகத்தில் இப்போது நான் படிக்கும் புத்தகத்தைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் காலத்து மனநோய் மருத்துவமனைகளைப் பற்றியது. பிற நாடுகளிலிருந்து வந்து அங்கே அடைபட்டவர்களுக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. கப்பலில் வந்த மாலுமிகள், சிப்பாய்கள், கூலி வேலைக்காகக் கடல் தாண்டியவர்கள். வெள்ளைக்காரர் என்றால் தனி அறை, ரொட்டி, கறி. கொஞ்சம் தேறினால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மற்றவர்களை அனுப்ப யாருக்கும் அவ்வளவு அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. என்ன சாப்பாடு போட்டார்கள், எப்போது கதவைப் பூட்டினார்கள் என்பதெல்லாம் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நான் உங்களைத்தான் தேடினேன்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனீர்கள். இரண்டாம் வருடம் உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. போர் போட்ட குழிக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்று, வண்டியை ஓட்டவிடாமல் குறுக்கே படுத்துக்கொண்டீர்களாம். உடன் இருந்தவர்கள் உங்களைப் பக்கத்து நகரத்தில், வெள்ளைக்காரர்கள் கட்டிவிட்டுப் போன மனநோய் மருத்துவமனையில் சேர்த்துவிட்டு அடுத்த ஊர் வேலைக்குப் போய்விட்டார்கள். சித்தப்பா போய் அழைத்துவரும் வரை எட்டு மாதம். தமிழில் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது.

இதை ஊருக்கு மறைக்க அம்மா என்ன பாடுபட்டார்! நீங்களோ மறைக்கவே இல்லை. நம் ஊர் டீக்கடையில் ஒருவர், "ஏனுங் மாப்ள, ஆப்பிரிக்காவுல சிங்கமெல்லாம் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"என்னையத்தானுங்க பூட்டி வெச்சிருந்தாங்க. சிங்கம் வெளிய போயிட்டு வந்துட்டு இருந்துச்சு."

கடையே சிரித்தது. பால் போசியோடு நின்ற நான் மட்டும் சிரிக்கவில்லை.

நீங்கள் திரும்பி வந்த முதல் நாள் நினைவிருக்கிறது. சோற்றைப் பிசைந்து சாப்பிடுவீர்கள் என்று பார்த்தால், ஸ்பூன் கேட்டீர்கள். சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. "இன்னும் சோறு வெக்கட்டுங்களா?" என்று அம்மா கேட்டார். நீங்கள் தலையாட்டிவிட்டு ஸ்பூனை நீட்டியபடி உட்கார்ந்திருந்தீர்கள். எனக்கு என்னவோ தோன்றி அதை வாங்கிக்கொண்டேன். உடனே எழுந்து கை கழுவப் போனீர்கள். அங்கே சாப்பாடு முடிந்ததும் ஸ்பூன்களை எண்ணி வாங்கிய பிறகுதான் எல்லோரும் எழ வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து உங்கள் ஸ்பூனை வாங்குவது என் வேலையாகிவிட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டுபோலக்கூட இருந்தது.

இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்திக் கிளை கழிக்கிற உங்கள் சின்னக் கத்தியை அம்மா அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தார். நீங்கள் கேட்டால் நான் தெரியாது என்று சொல்ல வேண்டும்.

"கத்தி எங்க சாமி?"

"காணோமுங்கப்பா."

"செரி, உடு."

கொடிக்காலுக்குக் கத்தி இல்லாமலே போனீர்கள். அகத்திக் கிளைகளைக் கையால் ஒடித்தீர்கள். நாமக்கல் டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. நன்றாகத் தூங்கினீர்கள். ஆனாலும் கத்தி அரிசிக்குள்ளேயே இருந்தது. இரண்டு வருடம்!

ஒரு நாள் அம்மா அடுப்பு வேலையாக இருந்ததால், நீங்களே அரிசி அளக்கப் போனீர்கள். வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். உங்கள் கை டிரம்முக்குள் முழங்கை வரை போய் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக ஒரு படி அரிசியை அள்ளிக்கொண்டு மூடியை மூடினீர்கள். என்னைப் பார்க்கவில்லை. மறுநாளும் "கத்தி எங்க சாமி?" என்று கேட்டீர்களே அப்பா, அது எதற்கு? எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தீர்களா? நான் அன்றைக்கும் காணோம் என்றுதான் சொன்னேன்.

பிறகு, எட்டாம் வகுப்பில், நம் தெரு அடிபம்பு நின்றுபோனது. நீங்கள் கைப்பிடியை இரண்டு தரம் அடித்துவிட்டு, "தண்ணி இருக்குது, வாஷர்தான் போச்சு" என்றீர்கள். ரிக் கம்பெனி கொடுத்த பழைய தோல் பெல்ட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தீர்கள்.

"என்னைய மொதல்ல எங்க வெச்சாங்க தெரியுமா? வெளிநாட்டுக்காரன்னு சொல்லி, அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்களுக்குக் கட்டுன ரூம்ல. இரும்புக் கட்டிலு, கண்ணாடி ஜன்னலு. தொரை ஆயிட்டேன் சாமி! ஆனா பேச்சுக்கு ஆளில்லை. அழுதேன். அப்பறம் அந்த ஜோசப்பு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி எல்லாத்தோடயும் பெரிய ஹாலுல படுக்க வெச்சான்."

ஜோசப் அங்கே வார்டில் வேலை செய்தவர். உங்களை விடப் பெரியவர். அங்கேயும் ஓர் அடிபம்பு நின்றுபோயிருந்தது. நீங்கள் கைச்சாடையில் விளக்க, அவர் தன் பழைய பூட்ஸை வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். தோலை வட்டமாக அறுக்க வேண்டும். ஸ்பூனைக்கூட எண்ணி வாங்குகிற இடம் அது. ஜோசப் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து கத்தியை எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாராம்.

"திரும்பி உக்காந்துட்டான் சாமி. அன்னைக்குத்தான் எனக்குத் தெளிஞ்சுது" என்றீர்கள்.

நான் ஓடிப்போய் அரிசிக்குள் கையை விட்டுக் கத்தியை எடுத்து வந்து கொடுத்தேன். அதில் ஒட்டியிருந்த தவிட்டை வேட்டியில் துடைத்துவிட்டுத் தோலை அறுக்கத் தொடங்கினீர்கள். எவ்வளவு சுத்தமான வட்டம்! அப்போது அம்மா வாசலுக்கு வந்தார். கத்தியைப் பார்த்தார். "சாமி, இங்க வா" என்று என்னை மட்டும் கூப்பிட்டார். நான் அசையவில்லை.

வேலை முடிந்தது. நீங்கள் கத்தியைத் திருப்பி, பிடியை என் பக்கமாக நீட்டியபடி அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள், ஸ்பூனை நீட்டுவதுபோல.

நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். திரும்பி உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பழக்கத்தில் என் கை நீண்டுவிட்டது. வாங்கினேன். கொண்டுபோய் அரிசிக்குள்ளேயே வைத்தேன். நீங்கள் எழுந்து பம்பை நோக்கிப் போனீர்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்தது. தெருவே குடத்தோடு ஓடி வந்தது.

மறுநாள் காலை அரிசி அளக்கப் போனேன். டிரம்மில் கத்தி இல்லை. உங்கள் சட்டை மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து, அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "அப்பாவ எந்திரிச்சு வரச் சொல்லு, கொடிக்காலுக்கு நேரமாச்சு" என்றார். அந்த ஆணியை அடித்தவர் அம்மா. எங்கள் இருவரில் பயந்தவர் அவர்தான் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அதன் பிறகு உங்களுக்கு ஒரு வருடம்கூடக் கிடைக்கவில்லை. கொடிக்காலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். அந்த மாதங்களில் என் பென்சில்களையெல்லாம் அந்தக் கத்தியால்தான் சீவித் தந்தீர்கள். நான் கத்தியை வாங்கி உள்ளே வைத்ததைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

இன்று மாலை அந்த அத்தியாயத்தை மறுபடி எடுத்தேன். எண்ணி வாங்கியவையும் பூட்டி வைத்தவையும் அதில் இருக்கின்றன. அந்த மனிதர்களில் ஒருவர் கையிலாவது யாராவது ஒரு கத்தியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்களா என்று தேடினேன். இல்லை. நடந்திருக்கும், எழுதி வைக்க யாருக்கும் தோன்றியிருக்காது. அதனால் ஒரு நோட்டில் ஜோசப்பைப் பற்றியும் உங்களைப் பற்றியும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். உங்கள் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டதையும் எழுதுகிறேன்.

அம்மா வந்து எட்டிப் பார்த்தார். என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"பென்சில் மொட்டையாப் போச்சு பாரு" என்றார். ஆணியிலிருந்து கத்தியை எடுத்து, பிடி என் பக்கம் வரும்படி நீட்டினார். நான் வாங்கிக்கொண்டதும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.