வாசனை இல்லாத விபூதி

ஆகஸ்ட் 11, திங்கள்

புழுக்கம். காலை ஏழுக்கே சட்டை நனைந்தாச்சு. மொட்டை மாடியில் 24 அம்பு. சாசர் அளவு வட்டத்துக்குள் 17, வெளியே 7. வெட்கக்கேடு.

அம்மா பேசி மூன்றாம் நாள். காபி வருகிறது, டம்ளர் ணங்கென்று மேஜையில் உட்காருகிறது, அவ்வளவே. சனிக்கிழமை வரை நன்றாகத்தான் இருந்தாள். அன்று எதிர்வீட்டு மாமி என் பெட்டியைப் பார்த்து, "அமெரிக்கால வயலின் கத்துண்டிருக்கியாடி?" என்று கேட்க, நான் சும்மா இருக்காமல் திறந்து வில்லைக் காட்டினேன். மான் வேட்டைக்கு என்றும் சொல்லித் தொலைத்தேன். நுணலும் தன் வாயால்.

மாமி போனதும் அம்மா, "மானா?"

"மியூல் டீர்மா. கோவேறு கழுதை மாதிரி பெரிய காது இருக்கும்."

"யாரோட எடம்?"

"யாரோடதும் இல்ல. கவர்மென்ட் மலை. யார் வேணா போலாம்."

"புறம்போக்கு."

"பர்மிட் உண்டும்மா. குலுக்கல்ல விழுந்தது."

"புறம்போக்குல கழுதை மான் அடிக்கறதுக்கா உன்னை மேல்படிப்புக்கு அனுப்பிச்சேன்?"

அதோடு கதவைச் சாத்தின மாதிரி வாய் மூடியது. முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

ஞாயிறு இரவு விமானம். அதற்குள் பேச வைக்க வேண்டும். மான் கிடைப்பதே சுலபம் போல.

12, செவ்வாய்

வெயில். 24-க்கு 18. இலக்குச் சாக்கு நைந்து, அம்பு பின்பக்கம் எட்டிப் பார்க்கிறது. தி.நகர் போனேன். ஜவுளிக்கடைகளின் பின்சந்தில் வெட்டுத்துணி மூட்டை விற்கிறவர்.

"இன்னாக்கா, தலகாணிக்கா?"

"இல்லீங்க. அம்பு விட."

ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப பனியன் துணி எட்துக்க. சில்க்குன்னா வயுக்கினு பூடும். ரொப்பினா மட்டும் பத்தாது, ஏறி மிதிக்கணும்." அவரே ஏறி மிதித்தார். மூட்டை கல்லாகிவிட்டது. ஆட்டோவில் என் மடியில்தான் வந்தது. கால் இன்னும் மரத்துப்போய்.

வேண்டியவை:
காபிப் பொடி 1 கிலோ
கம்பளிக் காலுறை (சென்னையில் தேடுகிறேன், என் புத்தியை என்ன சொல்ல)
காற்று பார்க்கும் பொடி. குப்பி காலி.

குப்பியை அமுக்கினால் பொடி புஸ்ஸென்று வரும். அது போகிற திசைதான் காற்று. நம் வாசனை மானுக்குப் போனால் தீர்ந்தது கதை. முகப்பவுடர் மணக்கும். அரிசி மாவு இந்த ஈரத்தில் கட்டி தட்டுகிறது.

13, புதன்

தூறல். 19. மலை ஏறப் பழக, இருபது கிலோ அரிசி மூட்டையை முதுகில் கட்டி நாலு மாடி, பத்து தடவை. ஃப்ளாட் செகரட்டரி மாமா படியில் ஒதுங்கி நின்று, "லிஃப்ட் ரிப்பேரா?" என்றார். பாவம்.

மத்தியானம் மூளையில் பல்ப். விபூதி! பூஜை அலமாரி டப்பாவிலிருந்து குப்பியில் ரொப்பி மாடியில் அமுக்கினேன். புகை மாதிரி மிதந்து போச்சு. துள்ளிக் குதித்தேன்.

போன வருஷம் இதில்தான் கோட்டை விட்டேன். காற்றைப் பார்க்காமல் அவசரப்பட்டேன். அம்பு விரலை விட்ட அதே நொடி காற்று திரும்பி, மான் மோப்பம் பிடித்துத் துள்ளி, அம்பு வயிற்றில். யாரிடமும் சொல்லவில்லை. தினம் 24 அம்பு அதனால்தான்.

14, வியாழன்

பேசிவிட்டாள்!!

குப்பியை ஃப்ரிட்ஜ் மேல் மறந்திருக்கிறேன். அம்மா எடுத்து மோந்து பார்த்தாள். "இது எதுக்கு?"

காற்று விஷயம் சொன்னேன்.

"அசடே. இது ஜவ்வாது போட்ட விபூதி. மானுக்கென்ன மூக்கு இல்லையா?"

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதும் விட்டேன். போன வருஷத்து மானைச் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தாள்.

"துடிச்சுதா?"

"தெரியலைம்மா. ரெண்டு நாள் தேடினேன். கிடைக்கலை."

ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி என் பக்கம் நகர்த்தினாள். "மூக்கைத் துடை. ரசம் ஆறிடும்."

15, வெள்ளி

மாடியில் கொடியேற்றம். அம்பு இல்லை, மிட்டாய் உண்டு. அம்மா காலையிலேயே எங்கோ கிளம்பிப் போனாள். சொல்லவில்லை. திரும்ப மௌனமா?

இரண்டு மணிக்கு வியர்த்து வந்தாள். நங்கநல்லூர். அங்கே மாடு வைத்திருக்கும் தெரிந்தவர் வீடு. கையில் செய்தித்தாள் பொட்டலம்.

"பசுஞ்சாண விபூதி. வாசனையே போடாதது. சலிச்சுத் தரச் சொன்னேன்."

என் அம்மா. மெட்ரோவில் நின்றுகொண்டே போயிருக்கிறாள். கட்டிக்கொண்டேன். "விடு, வேர்வை" என்றாள்.

16, சனி

கடல் காற்று. அம்மா முதல் முறையாக மாடிக்கு வந்தாள். ஸ்டூல் போட்டு எனக்குப் பின்னால். 23!

தவறிய ஒன்றுக்கு அவளே காரணம். நாண் இழுத்து நிற்கும்போது, "ஸ்வெட்டர் எடுத்து வெச்சியோ?"

மூட்டைக்கு வெளியே தண்ணீர்த்தொட்டிச் சுவரில் பட்டு விழுந்த அம்பை அவளே எடுத்து வந்தாள். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் திங்க மாட்டேன். போட்டோவும் அனுப்பாதே."

"சரிம்மா."

"ஆனா இந்த ஒண்ணு மாதிரி அங்க ஆகப்படாது. சந்தேகம்னா விடாதே. வெறுங்கையோட வந்தாலும் எனக்கு போன் பண்ணு."

பண்ணுவேன். இந்தத் தடவை சரியாக வரும் என்று தோன்றுகிறது. மானில்லாமல் இறங்கினாலும்.

17, ஞாயிறு

மழை விட்டாச்சு. பெட்டி 22 கிலோ. காலுறை கிடைக்கவில்லை. டாக்சிக்குப் பத்து நிமிஷம்.

குப்பியை அம்மாவே புனல் வைத்து ரொப்பினாள். சிந்தினதை விரலில் தொட்டு என் நெற்றியில் இட்டு, கண்ணைக் கையால் மறைத்து, ஃபூ என்று ஊதினாள். பொடி ஜன்னல் பக்கம் போனது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தோம்.

"கெழக்கால போறது" என்றாள் அம்மா.

குப்பி கைப்பையில். ஏர்போர்ட்டில் என்ன வெள்ளைப் பொடி என்று கேட்டால் நெற்றியைக் காட்ட வேண்டியதுதான். ஹாரன். டாக்சி வந்தா...