அண்ணாவுக்கு வீடு, எனக்குப் புள்ளி

1946 ஜூலை 9, செவ்வாய்

விடாத பம்பாய் மழை. கொடியில் அம்மாவின் புது ரவிக்கை. முழுக்கை. இந்தப் புழுக்கத்தில்! அவள் மணிக்கட்டு வெள்ளைப் புள்ளிகள் மறையும். உதட்டோரத்துப் புள்ளிக்கு எந்த ரவிக்கை?

ஞாயிறன்று என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள், செம்பூரிலிருந்து. ஆடி பிறப்பதற்குள் முடிக்க வேண்டுமாம். ரேஷன் சர்க்கரை முழுதும் கேசரிக்கு. காபி கசப்பு.

அத்தை இன்றும் ஜன்னல் வெளிச்சத்தில் என்னை நிறுத்தி விரல், முழங்கை, காது மடல் எல்லாம் பார்த்தாள். கத்தரிக்காய் பொறுக்குவதுபோல.

ஜூலை 11, வியாழன்

அத்தை அப்பாவிடம்: "மன்னி அன்னிக்கு இங்க வேண்டாம். தாணேல தங்கைக்குப் பிரசவம்னு சொல்லிடலாம். நான் பாத்துக்கறேன்." அப்பா பேப்பரைத் திருப்பினார். அவ்வளவுதான்.

அண்ணா, காலேஜ்காரன்: "அதான் சரி. ஹெரிடிட்டின்னு பயந்துடுவா."

நான் ஏழாவதோடு நின்றவள். மெதுவாகக் கேட்டேன், அப்படியென்றால் என்ன என்று.

"அம்மா அப்பாகிட்டேந்து உடம்புல வரதுடீ. லத்தீன்ல வாரிசுக்கு ஒரு வார்த்தை, அதுலேந்து வந்தது. மொதல்ல சொத்துக்குத்தான் சொல்லிண்டிருந்தா. மூக்கு, முழி, வியாதியெல்லாம் அப்பறம் சேந்தது."

"சொத்துன்னா?"

அத்தை சிரித்தாள். "பாலக்காட்டு வீட்டக் கேக்கறா பாரு!"

வீடு அவனுக்கு. அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. புள்ளி வந்தால் மட்டும் வாரிசு நானா? அவனும் அதே அம்மா பெற்றவன்தானே. அவன் காது மடலை இதுவரை யார் பார்த்தார்கள்?

பல்லைக் கடித்துக்கொண்டு அரிசி பொறுக்கினேன்.

ஜூலை 13, சனி

அம்மாவே பஜ்ஜிக்கு வாழைக்காய் வாங்கி வந்தாள். "அடுத்தாத்து மாமி சமையல்கட்டுல இருந்துக்கறேன். ஒரு நாழி நான் இல்லேன்னா என்ன? நீ அழாதே, கண்ணு வீங்கும்."

அழவில்லை. கோபம். அவள் மேலும்.

ஜூலை 14, ஞாயிறு

வந்தார்கள். நமஸ்காரம் செய்தேன். தலை நிமிரவில்லை. பிள்ளையின் அம்மா கேட்டாள், "பொண்ணு யார் ஜாடை? அம்மாவா?"

"இல்ல இல்ல, அப்பா ஜாடை," என்றாள் அத்தை, அவசரமாக.

பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தேன். எழுந்து வெளியே போனேன். "எங்கடீ?" என்று அத்தை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, அம்மாவின் ஈரக் கையைப் பிடித்து இழுத்து வந்து, பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.